யாருடைய ‘போகாதே’?

1

சில மாதங்களுக்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு கவிதைக் கூட்டம். முப்பது பேர் இருந்திருப்போம். இளைஞர் ஒருவர் எழுந்து வாசித்தார். சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் ‘செய்யாதே’ என்று சொன்னவற்றின் பட்டியல்தான் கவிதை. விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே. வாசற்படியில் உட்காராதே. ராத்திரியில் விசிலடிக்காதே, பாம்பு வரும். வெறும் தொட்டிலை ஆட்டாதே. மாதுளை விதையை விழுங்காதே, வயிற்றில் மரம் முளைக்கும். கடைசியில் அம்மா செத்துப்போகிறாள். இப்போது ராத்திரியில் நகம் வெட்டினால் தடுக்க ஆள் இல்லை.

கூட்டம் நெகிழ்ந்துபோயிற்று. வாசித்து முடித்ததும் ஆளுக்கு ஒன்றாகப் பட்டியலில் சேர்க்க ஆரம்பித்தார்கள். உச்சி வெயிலில் கிணற்றடிக்குப் போகாதே என்றார் ஒருவர். கத்தரிக்கோலை வெறுமனே ஆட்டாதே, சண்டை வரும் என்றார் இன்னொருவர். நானும் என் பங்குக்கு உரலைச் சொன்னேன். உரலின் மேல் உட்கார்ந்ததற்கு முதுகில் வாங்கியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தோம். ‘நம்மையெல்லாம் எப்படி வளர்த்தார்கள்’ என்று ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டார். அந்த ‘நம்மை’ ஒருவர் காதையும் உறுத்தவில்லை. என் காதையும்தான்.

கடைசி வரிசையில் என் ஊர்க்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சு. அவன் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து குருபரப்பள்ளிக்குப் பஸ் ஏறும் முன் டீ குடித்தோம். கவிதை எப்படி என்று கேட்டேன்.

‘நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆனா உங்களுக்குச் சொன்ன லிஸ்டு அது. எங்களுக்குச் சொன்ன லிஸ்டு வேறங்க’ என்றான்.

என்ன லிஸ்டு என்றேன்.

‘ஊருக்குள்ள சைக்கிள்ல உக்காந்துட்டுப் போகாதே, எறங்கித் தள்ளிட்டுப் போ. துண்டத் தோள்ல போடாதே. அவங்க வீட்டுப் பசங்களோட வெளையாடுனா ஜெயிக்காதே.’

மூன்றையும் ஒரே குரலில், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னான். மூன்றாவதைக் கேட்ட பிறகு நான் டீயைக் குடிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதுவரை அவரை ‘அவன்’ என்று எழுதிவிட்டேன். அவர் என்னிடம் இன்றும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறார். நான் ‘டா’ போட்டுப் பேசுகிறேன். ஒரே பெஞ்சு, ஒரே வயசு. இலக்கணப் பிழை நாற்பது வருஷமாக என்னுடையது. இனி ‘அவர்’.

2

குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். முன்பு அந்தச் சாலைக்கு எண் 7; இப்போது 44. கன்னடக் காதுக்கு ஊரின் பெயர் குருபர்களின், அதாவது ஆடு மேய்ப்பவர்களின், ஊர் என்று கேட்கும். தமிழில் எழுதிப் பார்த்தால் முருகன் பெயர்போல் ஆகிவிடுகிறது. எல்லைப்புறத்து ஊர்களுக்கு இதெல்லாம் சகஜம். எங்களுக்குத் தடைகூட நான்கு பாஷைகளில் வந்தது. தமிழில் ‘வேணாம்’, தெலுங்கில் ‘வத்து’, கன்னடத்தில் ‘பேடா’, உருதுவில் ‘நக்கோ’. நாலு பாஷையிலும் பேசத் தெரியாதவன்கூட நாலு பாஷையிலும் மறுப்பைப் புரிந்துகொள்வான்.

ஆனால் முக்கியமான தடை எந்தப் பாஷையிலும் சொல்லப்பட்டதில்லை. காலனிக்குப் போகாதே என்று என் அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளர் அதைச் சொல்லிற்று. வேலைக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அம்மாவின் கை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது சொல்லிற்று. டீக்கடையில் தனியாகத் தொங்கிய டம்ளர் சொல்லிற்று. நகம் வெட்டாதே என்பதை வாயால் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அதை மீறினால் ஒன்றும் ஆகாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் வீடே அதன் மேல்தான் நின்றது.

1984 கோடை. எனக்கு ஒன்பது வயது. மாங்காய்க் காலம். பெஞ்சு நண்பரின் அப்பா எங்கள் உறவினர் ஒருவரின் தோப்புக்குக் காவல். நாங்கள் இரண்டு பேரும் தோப்பில் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, மத்தியானம் தாகத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒன்பது வயதுப் பையனைப் பார்த்து ஒரு பெரிய மனுஷி எழுந்து நின்றதை நான் அன்று கவனித்தேனா? இல்லை. பின்னால்தான் ஞாபகத்தில் எழுந்து நின்றார். தண்ணி வேணும் என்றேன்.

‘வேணாம் சாமி. உங்க வீட்டுல போய்க் குடி. இங்க வேணாம்.’

நான் பானையில் மொண்டு குடித்துவிட்டேன். ஒன்பது வயதுத் தாகத்துக்கு அவ்வளவுதான் தத்துவம்.

விஷயம் அன்று சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. என்னை யாரும் அடிக்கவில்லை. கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மா அழுதாள். ‘இனிமே போகாதே’ என்றாள். அந்த வார்த்தையை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். ராத்திரி எனக்குச் சோறு கிடைத்தது. வழக்கத்தைவிடக் கூடவே கிடைத்தது. மறுநாள் காலையில் தோப்புக் காவலுக்கு வேறு ஆள் வந்திருந்தார். காய் பாதி இறக்கியாகவில்லை. அந்தப் பருவத்துக் கூலி அந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் பெஞ்சில் வேறு பையன்.

இதை வெகுகாலம் என் முதல் புரட்சியாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நாட்களில் நண்பர்களிடம் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன். கவிதையாகவும் எழுதியிருக்கிறேன், நல்ல வேளை, அச்சாகவில்லை. அந்தக் கதையில் பானை இருந்தது, தண்ணீர் இருந்தது, மீறல் இருந்தது. காவல் வேலை இல்லை. ‘வேணாம் சாமி’ என்ற குரலும் இல்லை. என் மீறலுக்கான தண்டனையை இன்னொரு வீடு கட்டியது என்ற கணக்கைப் போட எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று இரண்டு அம்மாக்கள் ஒரே தடையைச் சொன்னார்கள். ஒருத்தி தன் வீட்டின் உயரம் குறைந்துவிடக் கூடாதென்று சொன்னாள். இன்னொருவர் தன் வீட்டு அடுப்பு அணைந்துவிடக் கூடாதென்று சொன்னார். தமிழ் இலக்கணத்தில் இரண்டும் எதிர்மறை ஏவல், ஒரே உருபு. வாழ்க்கையில் அவை ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கட்டி, ‘நம் பெற்றோர் நமக்குத் தடுத்தவை’ என்று ஒரு தலைப்பின் கீழ் போடுவது பொய். கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்ட பொய் என்று சொல்லமாட்டேன். சௌகரியமான பொய். அதனால்தான் அது இவ்வளவு நன்றாகக் கவிதையாகிறது.

3

இந்தப் பொய்க்கு இப்போது இரண்டு காவல்காரர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

ஒருவர், ‘முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ ஆசாமி. எல்லாத் தடைக்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் கைவசம் வைத்திருப்பார். மின்சாரம் இல்லாத காலம், வெட்டிய நகம் சோற்றில் விழும். ஆகவே ராத்திரியில் நகம் வெட்டாதே. சரி, இது நியாயம். புளியமரம் இரவில் கரியமில வாயு விடுகிறது. ஆகவே அதனடியில் தூங்காதே. வேப்பமரமும்தான் விடுகிறது. எல்லா மரமும் இரவில் சுவாசிக்கிறது. திறந்த வெளியில் அது தூங்குகிறவனைக் கொல்லும் அளவுக்குச் சேர்வதில்லை. ஆனால் ஆசாமிக்குப் புளியமரம் முக்கியமில்லை. சின்னத் தடைகள் பத்துக்கு விஞ்ஞானச் சான்றிதழ் வாங்கிவிட்டால், பதினோராவது தடை கேள்வி கேட்கப்படாமல் அதே வரிசையில் உள்ளே வந்துவிடும். ‘எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்’ என்ற வாக்கியத்தின் வேலை அதுதான். கொல்லைப்புறத்து அலுமினிய டம்ளருக்கு என்ன விஞ்ஞானம்? கேட்டால் சுத்தம் என்பார்கள்.

சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். எங்கள் ஜில்லாவிலும் தர்மபுரி ஜில்லாவிலும் பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் ப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல் முளைக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும், ஆயுசுக்கும் போகாது. மேலும் முற்றினால் எலும்பு இறுகும், முதுகு வளையும். என் பல்லில் அந்தக் கறை இருக்கிறது. என் வீட்டுக் கிணறு, சுத்தமான கிணறு, கொடுத்த கறை. நண்பர் சிரிக்கும்போது பார்த்திருக்கிறேன். அவர் பல்லிலும் அதே கறை. பாறை தெரு பார்ப்பதில்லை. எது விஷமோ அதை ஒரு தாயும் தடுக்கவில்லை, தெரியாது. எது விஷமில்லையோ அதைத் தலைமுறை தலைமுறையாகத் தடுத்தார்கள், தெரிந்தே.

அந்தக் கறையைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனில் கட்டியது. 2008இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. இங்கே ஊர் ஊராகக் கொதித்தார்கள். குடிக்கிற தண்ணீரைத் தடுக்கிறார்களே, இவர்களும் மனுஷர்களா என்று எங்கள் தெருத் திண்ணையிலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கேட்டவர்களின் கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடி டம்ளர் இருந்தது. அலுமினியம் போய்ப் பிளாஸ்டிக் வந்திருந்தது, அவ்வளவுதான். 2013இல் திட்டம் திறக்கப்பட்டுக் காவிரி குழாயில் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் தெருவுக்குத் தெரு தாண்டிப் போயிற்று. டம்ளர் தாண்டவில்லை.

இரண்டாவது காவல்காரர் நம் ஆள். கவிஞர்.

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கினார். 1970இல் ‘கசடதபற’ வந்தது. புதுக்கவிதை யாப்பை உதறிய கதையை நாம் சலிக்காமல் சொல்லிக்கொள்கிறோம். எதுகை வேண்டாம், மோனை வேண்டாம், சுய அனுபவம் போதும் என்றோம். நல்லது. ஆனால் சுய அனுபவம் என்று உள்ளே விட்டதை எந்த வாசலில் நின்று சோதித்தோம்? தனிமை உள்ளே வந்தது. காமம் கொஞ்சம் தயங்கிவிட்டு வந்தது. பால்ய ஸ்மரணை சிவப்புக் கம்பளத்தில் வந்தது. பாட்டி, திண்ணை, கிணறு, பல்லாங்குழி எல்லாம் வந்தன. அந்தத் திண்ணையில் யார் உட்காரக் கூடாது என்பது மட்டும் வாசலோடு நின்றுவிட்டது. அசையையும் சீரையும் மீறத் தெரிந்த கைக்கு வீட்டு டம்ளரை எடுக்கத் தெரியவில்லை. கவிஞனுக்குத் தெரியாததல்ல; நானும் அந்த வாசலில் நின்றவன்தான். அம்மாவைப் பற்றி எழுதும்போது அந்தக் கை எவ்வளவு உயரத்தில் நின்றது என்று எழுதினால் கவிதை கெட்டுவிடும் என்று பயம். அம்மா கெட்டுவிடுவாள் என்று இன்னும் பெரிய பயம்.

உரைநடையில் அந்த வாசலை உடைத்தவர்கள் உண்டு. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. வயதான மனிதர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். ஏன் அப்படி என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. இதுவும் ‘தொடாதே’தான். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும், ஆமாம், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே பட்டியலில் சேர்க்க முடியாது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் வந்தது. ஆடு மேய்க்கும் சிறுவர்களின் நாவல். மேய்ச்சல் காட்டில் எல்லோரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். சாயங்காலம் ஒருவன் மட்டும் பண்ணையக்காரர் மகனாக வீட்டுக்குத் திரும்புகிறான். நண்பர் சொன்ன ‘ஜெயிக்காதே’ என்பதன் அர்த்தம் இந்த நாவலை மறுபடி எடுத்தபோதுதான் எனக்கு முழுசாக இறங்கியது. இந்த நூல்கள் வந்து இத்தனை வருஷமான பிறகும் நம் கவிதைக் கூட்டங்களில் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

4

தடையை மீறிய குழந்தைக்கு நம்மிடம் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஈரோட்டில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், பக்கத்து வீடுகளில் தண்ணீர் குடிக்காதே, வாத்தியார் வீட்டில் மட்டும் குடி என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்டவன். வாத்தியார் வீட்டில் டம்ளரைத் தரையில் வைத்தார்கள். அண்ணாந்து குடித்த பிறகு அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் உள்ளே எடுத்தார்கள். இந்த மரியாதையைப் பார்த்த பையன், குடிக்காதே என்று சொன்ன வீடுகளிலேயே குடிக்க ஆரம்பித்தான். காலில் விலங்குக் கட்டை போட்டார்கள். கட்டையோடே போய் விளையாடினான். இந்தக் கதையை ஈ. வெ. ரா. பின்னால் தானே சொன்னார்.

ராஜ்கோட்டில் இன்னொரு பையன். வீட்டில் கக்கூஸ் சுத்தம் செய்ய வந்த ஊகாவைத் தொடாதே என்று அம்மா சொன்னாள். தவறித் தொட்டுவிட்டால் வழியில் போகிற முஸ்லிம் ஒருவரைத் தொட்டுத் தீட்டைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சுருக்குவழி சொன்னாள். ஒரு வெறுப்பை இன்னொரு வெறுப்பால் துடைக்கும் இந்தக் கணிதத்தை எந்த விஞ்ஞான ஆசாமியாலும் விளக்க முடியாது. பையன் அம்மாவோடு வாதாடினான், ஆனால் கீழ்ப்படிந்தான். 1921இல் அகமதாபாத்தில் நடந்த ஒடுக்கப்பட்டோர் மாநாட்டில் காந்தி இதைச் சொன்னார்.

விலங்கை ஏற்றவனையும் வாதாடிவிட்டுக் கீழ்ப்படிந்தவனையும் எடை போட்டு, யார் பெரியவர் என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை. நம் ஊரில் அதற்கு ஆள் நிறைய. எனக்கு வேறொன்று படுகிறது. இரண்டு கதையிலும் தண்ணீர் கொடுத்த வீட்டுக்கு என்ன ஆயிற்று? ஊகா என்ன சொன்னார்? அவர் வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன ‘தொடாதே’ சொல்லப்பட்டது? நமக்குக் கிடைத்த பால்யக் கதைகளில் மிகத் துணிச்சலானவையும் மேட்டுத் தெருவிலிருந்து சொல்லப்பட்டவை. அது அந்தப் பெரியவர்களின் குற்றமில்லை. அவர்கள் பின்னால் வாழ்ந்த வாழ்க்கை அந்த மறுபாதிக்காகச் செலவாயிற்று. நாம் அவர்களின் பால்யக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு நம் பானைக் கதைக்கு முன்னுரையாக வைத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் மகள் லக்ஷ்மியும் காந்தியின் மகன் தேவதாஸும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். ஜாதி வேறு, பாஷை வேறு. தகப்பன்மார் இருவரும் சேர்ந்து ஒரு தடை போட்டார்கள். ஐந்து வருஷம் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது; கடிதமும் கூடாது. அதற்குப் பிறகும் மனம் மாறவில்லையென்றால் சம்மதம். மாறவில்லை. 1933 ஜூனில் பூனாவில் கல்யாணம் நடந்தது. அந்தத் தடை கொடுமைதான். தேசத்தையே மீறச் சொன்ன இரண்டு பேர் தம் பிள்ளைகளிடம் ஐந்து வருஷம் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் அது தன் காரணத்தை முகத்துக்கு நேரே சொன்ன தடை. தன் கெடுவையும் சொன்ன தடை. கெடு முடிந்ததும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிய தடை. நம் வீடுகளின் தடைக்குக் காரணமும் கிடையாது, கெடுவும் கிடையாது.

5

கெடு இல்லாத தடை எங்கே போய் முடிகிறது என்பதை இதே ஜில்லாவில் பார்த்தோம்.

2018 நவம்பரில் ஓசூர்ப் பக்கத்து இளம் தம்பதி ஒன்றின் உடல்கள் எல்லைக்கு அப்பால், மாண்டியா ஜில்லாவில், காவிரியில் கிடைத்தன. ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. பெண்ணின் தகப்பனும் உறவினரும் கைதானார்கள். அதே வருஷம் மார்ச்சில்தான், வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பத்தின் சம்மதமோ ஜாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2023 மார்ச்சில் கே.ஆர்.பி. அணை அருகே, பெண் வீட்டார் விருப்பத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட இளைஞர் பட்டப்பகலில் சாலையில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அடுத்த மாதம் ஊத்தங்கரைப் பக்கம் நடந்ததைப் பற்றித்தான் கவிஞர்களிடம் பேச வேண்டும். தகப்பன் விருப்பத்தை மீறி ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பையன், மனைவியோடு பாட்டி வீட்டுக்கு வந்தான். பாட்டி தங்க இடம் கொடுத்தார். பையனும் பாட்டியும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண் படுகாயத்தோடு பிழைத்தார். கைதானவர் பையனின் தகப்பன். அதாவது அந்தப் பாட்டியின் மகன்.

தமிழ்க் கவிதையில் பாட்டிக்குப் பஞ்சமில்லை. வெற்றிலை இடிக்கிற பாட்டி, கதை சொல்லுகிற பாட்டி, சுருக்குப் பையில் காசு முடிந்து வைத்திருக்கிற பாட்டி. வயசான காலத்தில் வீட்டின் தடையை மீறிக் கதவைத் திறந்துவிட்ட இந்தப் பாட்டிக்கு எத்தனை கவிதை இருக்கிறது? நான் படித்த தொகுப்புகளில் ஒன்றுகூட இல்லை. அவர் நம் பட்டியலில் உட்காரமாட்டார். அவரை உள்ளே விட்டால் நகம், விசில், தொட்டில் எல்லாம் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும்.

கொலைக்கும் கொல்லைப்புறத்து டம்ளருக்கும் முடிச்சுப் போடுவது அதிகப்படி என்று சிலர் சொல்வார்கள். என் அம்மா யாரையும் கொன்றதில்லை. ஆனால் அரிவாள் எடுத்த கைக்கு அது இருபத்தைந்து வயதில் யாரும் சொல்லிக்கொடுத்த பாடமில்லை. ஐந்து வயதில் ஒரு டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கப் பார்த்த கண்தான் அது. கண்டதையெல்லாம் எல்லோரும் அரிவாளாக்குவதில்லை என்பது உண்மை. ஆக்குகிறவனுக்கு வீட்டில் மறுப்புக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

6

அப்படியானால் பெற்றவர்கள் எதையுமே தடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேட்கிற தோரணையிலேயே விவாதத்தை முடித்துவிடும் கேள்வி இது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில் வளர்ந்தவன் நான். ரோட்டுக்கு ஓடாதே என்ற குரல் இல்லாதிருந்தால் இதை எழுத இருந்திருக்கமாட்டேன். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஏறாதே, அடுப்பைத் தொடாதே, இவையெல்லாம் வேண்டும். எந்தத் தடை வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கப் பெரிய தத்துவமும் தேவையில்லை. ஒரே ஒரு சோதனை போதும். உன் குழந்தைக்கு நீ சொல்லும் தடையை, அதன் காரணத்தோடு, பக்கத்தில் நிற்கிற இன்னொரு குழந்தையின் முன்னால் வைத்துச் சொல்ல முடியுமா? ரோட்டுக்கு ஓடாதே என்பதை நூறு குழந்தைகள் முன்னால் சொல்லலாம். அவர்கள் வீட்டில் குடிக்காதே என்பதை அந்த வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என் அம்மாவுக்கு முடிந்திருக்காது. அவள் கெட்டவள் இல்லை. அதனால்தான் டம்ளரை வைத்துச் சொன்னாள்.

கவிதைக்கும் இதே சோதனைதான். ‘நாம்’ என்று எழுதும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இன்று குருபரப்பள்ளியைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஓசூரில் எழுபதுகளில் தொடங்கியது சாலையோரமாக நகர்ந்து நகர்ந்து எங்கள் மாந்தோப்புகள் வரை வந்தாயிற்று. கான்டீனில் எல்லோருக்கும் ஒரே எவர்சில்வர் தட்டு, ஒரே குழாய். ஷிப்ட் முடிந்து வாடகைக்கு ரூம் தேடினால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, எந்தப் பக்கம், என்ன ஆளுங்க என்றுதான். கான்டீனில் போன ஜாதி வாசற்படியில் காத்திருக்கிறது. வாசற்படியில் உட்காராதே என்று அதற்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஊர்க் கதையோடு நிறுத்திக்கொண்டால் நானும் இன்னொரு காவல்காரன் ஆகிவிடுவேன். போன வாரம் என் மகள் கேட்டாள். அவள் வகுப்புத் தோழி வீட்டுக்குப் போக வேண்டுமாம். அங்கேயே சாப்பிட்டுவிட்டு ராத்திரி தங்கிவிட்டு வருகிறாளாம். தோழி அந்த நண்பரின் பேத்தி முறை. என் வாயில் முதலில் வந்தது, ‘நேரமாச்சும்மா, இன்னைக்கு வேணாம்.’

மணி நாலரை.

அம்மாவிடம் டம்ளர் இருந்தது. என்னிடம் கடிகாரம் இருக்கிறது. மகள் என் முகத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் எதைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் படித்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு அவளைக் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நண்பர் எழுந்து நின்றார். உட்காருங்க என்றேன். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தோம்.

உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. குடித்தேன். இதைக் கவிதையாக எழுதப்போவதில்லை.